தானியங்கி மெஷின்களுக்கு அரசு வரம்பு கட்டணுமா? ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கத்துத் தோல், ஷூ வேலையை வைத்துப் பேசுவோம்

பாலாறு_தென்கரை:

ஒரு மெஷின் வந்தால் பத்துப் பேர் வேலை போகும் என்று முன்கூட்டியே தெரிந்தால், அதை அரசு கொஞ்ச காலம் நிறுத்தி வைக்கலாமா? வைக்கணும் என்பது என் கட்சி. முழுத் தடை கேட்கலை. மூணு வருஷத்துக்கு, ஒரு கம்பெனி வருஷத்தில் இத்தனை மெஷின்தான் இறக்கலாம் என்று ஓர் உச்சவரம்பு இருந்தால் போதும்.

காரணம் இதுதான். கோயம்புத்தூரில் ஒரு பவுண்டரி மூடினால் பக்கத்துத் தெருவில் பம்ப் கம்பெனி இருக்கும். ஆம்பூரில் ஷூ போனால் பக்கத்துத் தெருவிலும் ஷூதான். தையல் லைனில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். கம்பெனி பஸ் வந்து போகும் ஊர் வரைக்கும்தான் அவங்களுக்கு வேலைவாய்ப்பு. ராணிப்பேட்டை சிப்காட்டில் ஆள் எடுக்கறாங்க, செய்யாறில் எடுக்கறாங்க என்று சொல்றவங்க காலை பஸ்ஸையும் வீட்டுப் பொறுப்பையும் கணக்கில் எடுக்கறதில்லை.

முன்னுதாரணமும் இருக்கு. வங்கிகளில் 1983-ல் ஊழியர் சங்கங்களோடு ஒப்பந்தம் போட்டுத்தான் கணினி உள்ளே வந்தது. 1993-ல் அடுத்த ஒப்பந்தம் வந்த பிறகுதான் கதவு முழுசா திறந்தது. நடுவில் பத்து வருஷம். அந்த அவகாசத்தைத்தான் நானும் கேட்கறேன்.

கட்டிங்_மேசை:

எந்த மெஷின் என்று பிரிக்காமல் வரம்பு கேட்டால் அது தப்பான இடத்தில் போய் விழும். கட்டிங்கை மட்டும் எடுத்துச் சொல்றேன்.

பழைய முறை ஸ்விங் ஆர்ம் பிரஸ், அதாவது தோலை அழுத்தி வெட்டும் மெஷின். 20, 25 டன் அழுத்தம். கட்டர் தோலை விரிச்சு, ரெண்டு கையாலும் இழுத்துப் பார்த்து, எந்தத் திசையில் நீளுது, எந்தத் திசையில் இறுகுது என்று பிடிச்சுக்கணும். முதுகுப் பக்கம் கெட்டியா இருக்கும், ஷூவின் முன்பாகம் அங்கேதான் வெட்டணும். வயிற்றுப் பக்கம் தொளதொளன்னு இருக்கும், அதில் நாக்கு, உள்ளே மறையும் துண்டு. உண்ணிக் கடி, முள் கீறல், நரம்புத் தடம் எல்லாவற்றையும் விட்டு விலகி டையை (பாகத்தின் வடிவத்தில் இருக்கும் வெட்டு அச்சை) வைக்கணும். ஒரு ஸ்டைலுக்கு 8 பாகம், 39 முதல் 46 வரை 8 சைஸ் என்றால் 64 டை. ஸ்டைல் மாறினால் அத்தனையும் அலமாரிக்கு.

கம்ப்யூட்டர் மேசையில் டை கிடையாது. தோலைக் காற்றால் உறிஞ்சிப் பிடிக்கும் மேசை, மேலே கேமரா, அதிர்ந்து வெட்டும் கத்தி. ஆனால் கறையும் கீறலும் எங்கே இருக்கு என்று பெரும்பாலான மேசைகளில் ஆள்தான் வெள்ளிப் பேனாவால் வட்டம் போட்டுத் தரணும். அந்த வட்டத்தைத் தவிர்த்து துண்டுகளை அடுக்கறதுதான் மெஷின் வேலை. வட்டம் போட்டவர் ஒரு நரம்பைத் தவற விட்டால் பாகம் வெட்டுப்பட்டு, தைக்கப்பட்டு, லாஸ்டிங்கில் (ஷூ அச்சின் மேல் போட்டு) இழுக்கும்போதுதான் தெரியும். அதுக்குள்ள முழு ஜோடியும் வீண். அதனால் நல்ல கட்டரை வெளியே அனுப்பிவிட்டு மேசை போட்ட இடத்தில் ரிஜெக்ட் ஏறும். வேலை உண்மையில் போவது டை எடுத்துக் கொடுக்கும் ஹெல்பருக்கும், ரெண்டாம் தரக் கட்டருக்கும்.

இன்னொண்ணு, இதை முதலாளி வாங்குவது கூலி மிச்சத்துக்கு மட்டும் இல்லை. லெதர் ஷூவில் பெரிய செலவே தோல்தான். நூறு சதுர அடியில் ரெண்டு அடி மிச்சமானாலும் பெரிய ஆர்டரில் அது மெஷின் தவணையைக் கட்டிடும். ஆட்டுத்தோலில் இந்தக் கணக்கு நிற்காது. ஒரு தோல் நாலு முதல் ஆறு சதுர அடிதான், ஒவ்வொண்ணா விரிச்சு, வட்டம் போட்டு, படம் பிடிக்கறதுக்குள்ள பிரஸ்காரர் முடிச்சிடுவார்.

எண்ணிக்கை வரம்பு போட்டீங்கன்னா ஒற்றைத் தலை மேசைக்குப் பதிலா இரட்டைத் தலை மேசை வாங்குவாங்க. ரிஜிஸ்டரில் ஒரு மெஷின்தான்.

சங்கப்_பலகை:

புது வரம்பு கேட்பதுக்கு முன்னாடி கையில் இருக்கறதைப் பார்ப்போம், தோழர். 1947 தொழிற்தகராறு சட்டத்தின் 9ஏ பிரிவிலேயே இது இருந்தது. ஆட்குறைப்புக்கு வழி வகுக்கும் மெஷின் மாற்றம் எதுவானாலும் 21 நாள் முன்னறிவிப்பு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் அது தொடருது. அந்த 21 நாளுக்குள்ள தாவா (தொழில் தகராறு) எழுப்பி சமரச அதிகாரி முன்னால் கொண்டுபோனால், பேச்சு நடக்கும் வரை நிர்வாகம் நிலைமையை மாற்ற முடியாது. இதுவும் ஒரு கடிவாளம்தான். யாரும் பிடிச்சு இழுக்கறதில்லை.

ஓட்டை எங்கேன்னா, "யாரையும் நிறுத்தலையே" என்று சொல்லிடுவாங்க. மெஷின் வரும், போற ஆளுக்குப் பதில் ஆள் போடமாட்டாங்க, மிச்சம் இருப்பவங்களைத் தூரத்து யூனிட்டுக்கு மாத்துவாங்க, அவங்களே நின்னுடுவாங்க. அப்புறம் ராஜினாமா கடிதத்தில் கையெழுத்து. அந்தக் கையெழுத்தில் என்ன போகுதுன்னு பாருங்க. மாதச் சம்பளம் 11,700, அதாவது 26-ஆல் வகுத்தால் நாளைக்கு 450, சர்வீஸ் 12 வருஷம். ஆட்குறைப்பு என்றால் வருஷத்துக்கு 15 நாள் வீதம் 81,000. பணிக்கொடை தனியா இன்னொரு 81,000. புதுத் தொகுப்பின்படி மறுதிறன் நிதியிலிருந்து 15 நாள் சம்பளம் 6,750, 45 நாளுக்குள்ள தொழிலாளி கணக்கில் வரணும். ராஜினாமா என்றால் பணிக்கொடை மட்டும்தான். இஎஸ்ஐயில் வேலையிழந்தவங்களுக்குத் தரும் உதவிக்கும் வேலை எப்படிப் போச்சு என்பது முக்கியம். பிஎஃப் தளத்தில் விலகிய காரணம் என்னன்னு போட்டிருக்காங்கன்னு எடுத்துப் பார்க்கச் சொல்லுங்க.

பெரிய பாதிப்பு வேற. முன்னாடி 100 பேர் இருந்தாலே ஆட்குறைப்புக்கு அரசு அனுமதி வேணும். இப்ப 300. நம்ம பக்கத்தில் அப்பர் (ஷூவின் மேல்பாகம்) மட்டும் தைக்கும் யூனிட் எத்தனை 300-க்கு மேல இருக்கு? ஒரே முதலாளிக்கு நாலு பெயரில் நாலு யூனிட் இருந்தால் ஒவ்வொண்ணும் 300-க்குக் கீழேதான்.

குடியாத்தம்_தறி:

மெஷினுக்கு அரசு போட்ட வரம்பு என்ன ஆகும் என்பதுக்கு எங்க ஊர் கைலியைப் பாருங்க. 1985-ல் கைத்தறி ரக ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. 22 ரகத்தை விசைத்தறியில் போடக்கூடாது. உடனே நீதிமன்றத்துக்குப் போனாங்க. 1993-ல்தான் சுப்ரீம் கோர்ட் சட்டம் செல்லும்னு சொன்னது. 1996-ல் 22 ரகம் 11 ஆச்சு. லுங்கி இன்னிக்கும் அந்த 11-ல் இருக்கு. இப்ப கடைக்குப் போய் கைலி வாங்கி ஓரத்தைப் பாருங்க. கைத்தறியில் அகலம் சுருங்காமல் இருக்க ஊசி வெச்ச கட்டையை நெசவாளி சில அங்குலத்துக்கு ஒருமுறை நகர்த்தி நகர்த்திக் குத்துவார், அந்த ஓட்டை விட்டு விட்டு இருக்கும், சீரா இருக்காது. விசைத்தறியில் வளையம் சுத்திக்கிட்டே இருக்கும், ஓரம் முழுக்கப் பொடிப்பொடியா ஒரே வரிசை. நீங்க வாங்கறது பெரும்பாலும் ரெண்டாவது வகையாத்தான் இருக்கும்.

சட்டம் தப்பில்லை. தறியைப் போய் எண்ணணும், ஓடும்போதே பிடிக்கணும், துணியான பிறகு நிரூபிக்கணும். அதுக்கு ஆள் கிடையாது. அந்தக் காலத்தில் நெசவாளி பிள்ளைக்கு வேற தொழில் கற்றுக்கொடுத்திருக்கலாம். ரகம் ஒதுக்கியாச்சே என்ற தைரியத்தில் அதுவும் நடக்கலை. எனக்கு இதில்தான் மனசு ஆறமாட்டேங்குது.

பாலாறு_தென்கரை:

கைலி உதாரணம் கனமானது, ஒத்துக்கறேன். ஆனால் தறி வீட்டுக்கு வீடு இருக்கு, எண்ண முடியாது. ஷூ மெஷின் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருது, சுங்கத்தில் பில் இருக்கு. எண்ணறது சுலபம். எண்ணிக்கைக்குப் பதிலா வரி போட்டால்? மெஷினால் செஞ்சதுக்கு அதிகம், கையால் செஞ்சதுக்குக் குறைவு?

தீக்குச்சி_கணக்கு:

அதையும் பண்ணிப் பார்த்தாச்சு. குடியாத்தத்தில் தீப்பெட்டி வேலையும் இருக்கே, அந்தத் தொழிலுக்குத்தான். 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது கையால் செஞ்ச தீப்பெட்டிக்கு 5 சதவீதம், மற்றதுக்கு 18. அதுக்கு முந்தின கலால் வரியிலும் வித்தியாசம் இருந்தது. கைவேலை எது என்று எழுத வேண்டி வந்ததே, அங்கேதான் சிக்கல். சட்டகத்தில் குச்சி அடுக்கறது, மருந்தில் முக்கறது, பெட்டியில் நிரப்பறது, லேபிள் ஒட்டறது, கட்டு கட்டறது என்று ஐந்து வேலை. இதில் ஒண்ணுக்குக்கூட மின்சாரம் பயன்படக்கூடாது. மருந்து முக்க மட்டும் சின்ன மோட்டார் வெச்ச யூனிட்டும், எல்லாமே தானா ஓடும் பெரிய ஆலையும் ஒரே 18-ல் போய் உட்கார்ந்தது. நடுவில் இருந்தவங்கதான் நசுங்கினாங்க. கடைசியில் 2020 ஏப்ரல் 1 முதல் எல்லாத்துக்கும் 12 என்று ஒரே விகிதம் ஆக்கினாங்க.

ஷூவில் ஐந்து வேலை இல்லை, ஐம்பதுக்கு மேல. எது மெஷின் ஷூ, எது கை ஷூ என்று எந்த இன்ஸ்பெக்டர் எழுதுவார்? இதில் பெரும்பகுதி ஏற்றுமதி வேற. ஏற்றுமதிக்கு ஜிஎஸ்டியே கிடையாது, அப்புறம் எந்த வரி வித்தியாசம் வேலை செய்யும்?

பீடிக்காரர்களையும் நினைவில் வைங்க. 1976 சட்டத்தில் பீடி மீது தீர்வை போட்டு, அதில் ஆஸ்பத்திரி, பிள்ளைகளுக்கு உதவித்தொகை, வீடு என்று நல நிதி நடந்தது. பேரணாம்பட்டிலும் குடியாத்தத்திலும் பீடி சுற்றும் வீடுகளுக்கு அது பெரிய ஆதரவு. ஜிஎஸ்டி வந்ததும் 2017-ல் தீர்வை போச்சு, தனி நிதி வரத்தும் நின்னது. மெஷின் தீர்வை என்று யாராவது சொன்னால் இதை முதலில் கேளுங்க.

சுண்ணாம்புக்_குழி:

எல்லாரும் மெஷினை நிறுத்தறது பற்றியே பேசறீங்க. டேனரியில் (தோல் பதனிடும் ஆலையில்) மெஷினைக் கட்டாயமாக்க வேண்டிய இடம் இருக்கு. அதுவும் இந்தப் பேச்சில் வரணும்.

முடி நீக்க சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு போடறோம். அந்தத் தண்ணி காரத்தன்மையில் இருக்கும்வரை வாயு அடங்கி இருக்கும். அடுத்த கட்டத்தில் பிக்கிள் போடற (பதனிடும் முன் தோலை ஊற வைக்கற) தண்ணியில் அமிலம். ரெண்டும் ஒரே வாய்க்காலில், ஒரே கழிவுத் தொட்டியில் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். முதலில் அழுகின முட்டை நாற்றம். 100 பிபிஎம் தாண்டினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, வாயு போயிடுச்சுன்னு நினைச்சு ஆள் இறங்குவார். அடியில் படிஞ்ச சேற்றைக் குச்சியால் கலக்கினவுடன் அடைஞ்சு கிடந்த வாயு மொத்தமா மேலே வரும். முதல் ஆள் விழுவார், தூக்கப் போன ரெண்டாவது ஆளும் விழுவார். அந்த வேலைக்கு சேறு உறிஞ்சும் பம்ப், வாயு மீட்டர், கழிவுக்குத் தனித்தனிக் குழாய். இதுக்கு மூணு வருஷ அவகாசம் எதுக்கு? இன்னிக்கே வேணும். 2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டை தோல் கழிவுநீர்ப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேற்றுத் தொட்டிச் சுவர் உடைஞ்சு, பக்கத்தில் தூங்கிக்கிட்டிருந்த 10 பேர் போனாங்க. அந்தச் சுவருக்குப் பக்கத்தில் ஆள் படுக்க வேண்டிய நிலையே இருந்திருக்கக்கூடாது.

ஆகவே பொத்தாம்பொதுவா "மெஷின் வரம்பு" என்று ஒரு சட்டம் எழுதினால், பம்ப் வாங்காத முதலாளிக்கு அது சாக்காப் போயிடும். தயவுசெஞ்சு உயிர் போற வேலையை வரம்பிலிருந்து வெளியே வைங்க.

பேரேடு:

வரியில் ரெண்டு விஷயம் சொல்லணும். அரசு இப்ப மெஷினுக்கும் சலுகை தருது, ஆளுக்கும் தருது. புது மெஷினுக்கு வழக்கமான 15 சதவீதத் தேய்மானத்துக்கு மேல முதல் வருஷம் 20 சதவீதம் கூடுதல் தேய்மானம் (வருமானத்தில் கழிச்சுக்கலாம்) உண்டு. 22 சதவீதக் குறைந்த வரித் திட்டத்துக்குப் போன கம்பெனிக்கு அந்தக் கூடுதல் கிடையாது. ஆனால் புதுசா ஆள் எடுத்தால் அந்தச் சம்பளத்தில் 30 சதவீதம் மூணு வருஷத்துக்குக் கழிக்கும் சலுகை (1961 வருமான வரிச் சட்டத்தில் 80ஜேஜேஏஏ பிரிவு) அவங்களுக்கும் உண்டு. பொதுவா 240 நாள் வேலை தந்திருக்கணும், தோல், காலணி, ஆடைத் தொழிலுக்கு மட்டும் 150 நாள் போதும். மாதம் 25,000-க்கு மேல சம்பளம் வாங்கறவர் கணக்கில் வரமாட்டார். அதாவது நம்ம தொழிலை மனசில் வெச்சே எழுதின சலுகை. ஆனால் அது புது ஆளுக்குத்தான். இருக்கிற ஆளைப் புது மெஷினுக்குப் பழக்கினால் இந்தச் சலுகையில் ஒரு ரூபாயும் கிடையாது. இடைவெளி இதுதான்.

ரெண்டாவது, வெளிநாட்டு மெஷின் பல இபிசிஜி என்ற ஏற்றுமதியாளர் திட்டத்தில் வருது. இறக்குமதி வரி கட்ட வேண்டாம், மிச்சமான வரியைப் போல 6 மடங்கு மதிப்புக்கு 6 வருஷத்தில் ஏற்றுமதி செய்யணும். அந்த லைசென்ஸில் ஏற்கனவே ஒரு நிபந்தனை இருக்கில்லையா? அதோடு இன்னொண்ணு சேர்க்கறது பெரிய சட்ட வேலை இல்லை. எந்த வேலைகளை இந்த மெஷின் மாற்றுது, அதில் எத்தனை பேர், அவங்களுக்கு எத்தனை நாள் பயிற்சி என்று ஒரு தாள். பொதுப் பணத்தை விட்டுக்கொடுக்கும் இடத்தில் அரசு கேள்வி கேட்கலாம். சொந்தக் காசில் வரி கட்டி வாங்கறவரை விட்டுடலாம்.

லைன்_நாலு:

பயிற்சி, பயிற்சின்னு எழுதறது சுலபம். புரோகிராம் தையலுக்கு (கம்ப்யூட்டரில் பதிஞ்சபடி தானே தைக்கும் மெஷினுக்கு) ஒரு தையல்காரரை மாற்ற என்ன வேணும்னு சொல்றேன்.

இந்த மெஷினுக்குத் தட்டு வேணும். பிவிசி தகட்டில் பாகத்தின் வடிவத்துக்குக் குழி வெட்டி, ஒட்டு டேப் போட்டு, துண்டை உட்கார வெச்சு மூடினால் மெஷின் தானே தைச்சிடும். 8 சைஸ், இடது வலது, ஆக ஒரு வேலைக்கு 16 தட்டு. துண்டு ஒரு மில்லிமீட்டர் விலகி உட்கார்ந்தால் தையல் ஓரத்தை விட்டுப் போகும். துணி மாதிரி பிரிச்சுத் தைக்க முடியாது, தோலில் ஊசி ஓட்டை ஓட்டைதான். ஸ்கைவிங் (ஓரத்தைச் சீவி மெலிசாக்கறது) ஒரே மாதிரி இல்லாமல் ஓரம் ஒரு பக்கம் தடிச்சிருந்தால் தையல் விடும். டேப்பின் பசை ஊசியில் ஏறி, சூட்டில் இளகி, நூல் அறும். சிலர் நூல் இழுவிசையைக் கூட்டுவாங்க, அது தப்பு. ஊசியைத் துடைச்சு, வேகத்தைக் குறைக்கணும்.

இதையெல்லாம் கண்டுபிடிக்கறது யார்? பத்து வருஷம் போஸ்ட் மெஷினில் (தூண் மாதிரி உயர்ந்த தையல் மெஷின்) தைச்ச பெண்தான். தையல் தெரியாத ஐடிஐ பையன் திரையில் எரர் நம்பரைப் படிப்பான், தோலைத் தொட்டுப் பார்க்கமாட்டான். தட்டு ஏற்றறது, ஊசி மாற்றறது, நூல், அவசர நிறுத்தம்: ரெண்டு வாரம் போதும். புரோகிராம் தேர்வு செஞ்சு சின்னத் திருத்தம் பண்ண இன்னும் ரெண்டு, மூணு வாரம். புதுசா புரோகிராம் வரையறது வேற வேலை, அதுக்கு மாசக்கணக்கு. தட்டையான அலங்காரத் தையலும் லேபிள் தையலும்தான் முதலில் போகும். பின் ஜாயின்ட், லைனிங் மேல்விளிம்பு மாதிரி வளைஞ்ச வேலை தட்டில் உட்காராது, அது கையில்தான் இருக்கும். யாரை எப்ப மாற்றணும்னு வேலை வாரியாவே சொல்லிடலாம்.

பயிற்சி ஏன் தோற்குதுன்னா, பீஸ் ரேட், அதாவது தைச்ச எண்ணிக்கைக்குத்தான் கூலி. பழகற அஞ்சு வாரம் உற்பத்தி பாதிதான் வரும், கூலியும் பாதி. ஷிஃப்ட் முடிஞ்ச பிறகு வைக்கற பயிற்சிக்கு பஸ் கிடையாது. வேலை நேரத்துக்குள்ள, முந்தின மூணு மாசச் சராசரிக் கூலியோடு வெச்சால் வருவாங்க. தமிழ்நாட்டில் 71 அரசு ஐடிஐகளை நவீனத் தொழில்நுட்ப மையமாக்கியிருக்காங்க. நல்ல காரியம். ஆனால் அங்கே ரோபோ கை இருக்கு, ஷூ அப்பர் தைக்கற மெஷின் இருக்கணுமே. பயிற்சி கம்பெனி தளத்திலேயே நடக்கறதுதான் சரி. கிண்டி மத்திய காலணிப் பயிற்சி நிலைய ஆட்களை இங்கே வரவழைக்கலாம்.

பேரணாம்பட்டு_வாசல்:

நீங்க பேசறது எல்லாம் கம்பெனி ரோலில் (ஆள் பதிவேட்டில்) இருக்கறவங்களைப் பற்றி. வாசல்படியில் உட்கார்ந்து மொக்காசின் வகை ஷூவின் முன்பாகத்தைக் கையால் கோர்க்கற பெண்கள் எந்த ரோலிலும் இல்லை. ஜோடிக்கு இவ்வளவுன்னு ஏஜென்ட் தருவார். கம்பெனி அந்தத் தையலை மெஷினுக்கு மாத்தினால் அவங்களுக்கு 21 நாள் நோட்டீஸும் கிடையாது, 15 நாள் சம்பளமும் கிடையாது. ஒருநாள் மூட்டை வராது, அவ்வளவுதான். 2019-ல் பழைய வேலூர் மாவட்டம் மூணாப் பிரிஞ்ச பிறகு கம்பெனி திருப்பத்தூர் மாவட்டத்தில், தைக்கற வீடு வேலூர் மாவட்டத்தில். எந்தத் தொழிலாளர் அலுவலகத்துக்கு மனு எழுதறது?

ஒரு வழி இருக்கு. மூட்டையோடு வரும் சீட்டில் கம்பெனி பேர், ஸ்டைல் நம்பர், ஜோடி எண்ணிக்கை இருக்கும். அதைக் கிழிச்சுப் போடாமல் நோட்டில் ஒட்டி வைக்கச் சொல்லுங்க. யாருக்காக வேலை செஞ்சோம் என்பதுக்கு அதைத் தவிர ஆதாரம் கிடையாது. பேரேடு சொன்ன தாளில் வெளியே கொடுக்கற வேலையையும் எழுதச் சொன்னால்தான் இவங்க கண்ணுக்குத் தெரிவாங்க.

பாலாறு_தென்கரை:

என் நிலையை மாத்திக்கறேன். எண்ணிக்கை வரம்பு வேண்டாம். மனுவில் இப்படி எழுதலாம்னு பார்க்கறேன். வரிச்சலுகையில் மெஷின் இறக்கினால் வேலை வாரியா பாதிப்புத் தாள் கட்டாயம், அதில் வீட்டு வேலைக்காரர்களும் அடக்கம். மெஷின் ஓட ஆரம்பிக்கறதுக்கு ஆறு மாசம் முன்னாடி அந்தத் தாளைத் தமிழில் கம்பெனி வாசல் கேட்டில் ஒட்டணும். ஏற்கனவே அந்த வேலையில் இருப்பவங்களுக்குத்தான் முதல் பயிற்சி, வேலை நேரத்தில், சராசரிக் கூலியோடு. அந்தச் செலவில் பாதியை அரசு வரியில் கழிச்சுக்கொடுக்கணும். கழிவுத் தொட்டி, வாயு சம்பந்தப்பட்ட மெஷினுக்கு இதெல்லாம் பொருந்தாது, உடனே போடணும். 300 என்ற கணக்கில் ஒரே முதலாளியின் எல்லா யூனிட்டையும் சேர்த்து எண்ணணும். ஆனாலும் அவகாசம் என்ற என் பழைய கோரிக்கையை விடலை. ஆறு மாசம் அதுக்காகத்தான்.

சங்கப்_பலகை:

ஆறு மாசம் சரி. வங்கியில் நிரந்தர ஊழியர், நாடு முழுக்கப் பரவின சங்கங்கள், அதனால் பத்து வருஷம் இழுக்க முடிஞ்சது. இங்கே ஆறு மாசம் கிடைச்சாலே தாவா எழுப்ப நேரம் இருக்கும். பாதிப்புத் தாளைப் பொய்யா எழுதினால் என்ன என்பதையும் சேருங்க. விட்டுக்கொடுத்த வரியை வட்டியோடு திருப்பி வாங்கணும். ஏற்றுமதி நிபந்தனை தவறினால் இப்பவே அப்படித்தான் வாங்கறாங்க.

லைன்_நாலு:

ஒரு திருத்தம். "முந்தின மூணு மாசச் சராசரி" என்று நான் எழுதினதை அப்படியே போடாதீங்க. சீசன் மாறும்போது ஆர்டர் இல்லாத மாசம் வரும், லைன் பாதி நாள் நிற்கும். அந்தச் சமயம் பார்த்துப் பயிற்சியை வெச்சால் சராசரி விழுந்துடும். பன்னிரண்டு மாசத்தில் அதிகமா வந்த மூணு மாசம் என்று மாத்துங்க.